சிவப்புக் கோடு போட்ட தண்ணீர் பாட்டில்

அக்கா,

சமையலறை அலமாரியை ஒழித்தபோது உங்கள் தண்ணீர் பாட்டில் கிடைத்தது. நான் சிவப்பு நெயில் பாலிஷில் போட்ட ஐந்து கோடுகளில் இரண்டு உரிந்துவிட்டன.

தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் பதினெட்டு வருடம் வேலைக்குப் போனவர்கள் நாம். உங்கள் வயிற்றில் கட்டி என்றதும் டாக்டர் அறைக்குள்ளும் சேர்ந்தேதான் போனோம். "கட்டியோட இடது கிட்னியையும் எடுக்க வேண்டி வரலாம். மிச்சம் இருக்கற ஒண்ணை ஆபரேஷன் வரைக்கும் பத்திரமா வெச்சுக்கணும். வலி மாத்திரை கூடாது, தினம் மூணு லிட்டர் தண்ணி" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் பீர்க்கன்கரணை வீட்டில் உங்களுக்காக உபவாச ஜெபம். ஆள் சேர்த்தவள் நான். கத்திரி வெயில். மதியத்துக்கு மேல் உங்கள் உதடு காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தேன். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது; தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் திணறுகிறது என்றார்கள். ஆபரேஷன் தள்ளிப் போனது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன்.

"எனக்காக அத்தனை பேரு வயித்தைக் காயப்போட்டு உக்காந்திருக்கீங்க. நான் மட்டும் மடக் மடக்குனு குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் இல்லை.

அடுத்த வெள்ளிக்கு இந்த பாட்டிலோடு வந்தேன். மணிக்கு ஒரு கோடு. பாஸ்டரம்மா உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே "அக்கா, கோடு" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "குடிம்மா, ஆண்டவர் காத்திருப்பாரு" என்றார். உங்களுக்குச் சிரிப்பில் புரையேறியது.

ஆபரேஷனில் இடது சிறுநீரகம் கட்டியோடு போயிற்று. வலது நின்றது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை நிறைந்திருந்ததைக் காட்டி, "பாருடி, ஒத்த ஆளா எப்படி வேலை பார்க்குது!" என்றீர்கள். என்னவோ பிள்ளை பரீட்சையில் தேறியது போல அப்படி ஒரு பெருமை உங்களுக்கு.

இரண்டாம் வருடம் கட்டி திரும்பி வந்தது. அதற்குத் தண்ணீர் என்ன செய்யும்? கடைசி வாரத்திலும் சிறுநீரகம் நன்றாகவே இருப்பதாக டாக்டர் சொன்னார். உங்களிடம் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு இப்போதும் போகிறேன். தண்ணீர் கொண்டுபோகிறேன். புதிதாக வந்த ஒருத்தி, "உபவாசத்துல தண்ணியா?" என்று முகம் சுளித்தாள். "ஆமா, உனக்கும் வேணுமா?" என்றேன்.

அன்றைக்கு உங்கள் உதட்டைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதில்லை அக்கா. யார் உதடு காய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.