நடுவில் நின்ற வீடு

அக்கா,

இன்று காலை எங்கள் அலுவலகத்தில் தரை துடைத்தார்கள். பினாயில் வாடை எழுந்ததும் கணினியில் ஓடிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உங்கள் சேலையிலும் விரல்களிலும் எப்போதும் இருந்த வாடை. திரையில் உங்கள் ஊர்க் கணக்குதான் திறந்திருந்தது.

வல்லம் வடகாலை ஒட்டிய உங்கள் ஊருக்கு நான் முதன்முதலில் வந்தபோது உங்களுக்கு நிலம் இருந்தது. குடும்ப வருமானக் கணக்கெடுப்பு என்று சொன்னதும் வாசலிலேயே மறித்தீர்கள். "உண்மையச் சொன்னா ரேஷன் கார்ட புடுங்கிக்குவீங்களா மேடம்?" இல்லை என்று நான் மூன்று முறை சொன்ன பிறகே பாய் விரித்தீர்கள். நெல்லுக்கும் பாலுக்கும் மாத வருமானம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நீங்களும் திணறினீர்கள், எழுதத் தெரியாமல் நானும் திணறினேன்.

அதே வீடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போய்க் கேட்பதுதான் எங்கள் வேலை. இரண்டாம் முறை வந்தபோது நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தது. வந்த பணம் மூத்தவள் கல்யாணத்திலும் ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கியதிலும் கரைந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். நீங்கள் இன்னொரு கம்பெனியில், கான்ட்ராக்டர் வழியாக, தரை துடைக்கும் வேலை.

அந்த முறை கணக்கை முடித்தபோது ஊர் வரிசையின் சரி நடுவில் உங்கள் வீடு நின்றது. சொல்லக் கூடாத விஷயம். ஆனாலும் அடுத்து வந்தபோது சொல்லிவிட்டேன்.

"நடுவுலன்னா இன்னா?"

"எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிக்க வெச்சா, உங்களுக்கு மேல பாதி ஊரு, கீழ பாதி ஊரு."

"கோயில்ல ஃபோட்டோ புடிக்கிறப்போ நிக்க வெப்பாங்களே, அந்த மாதிரியா? எப்பவும் ஓரத்துல நின்னு பாதி மூஞ்சிதான் வுழும் எனக்கு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு மாதா படத்தைப் பார்த்து, "இப்டியே வெச்சிரு தாயே" என்றீர்கள்.

அதுதான் மூன்றாம் முறை. அன்று நீங்கள் சொன்ன வருமானம் கூடியிருந்தது. ஒரு நாள்கூட லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்றீர்கள். மருத்துவச் செலவு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. சைபர் போட்டுக்கோ." இடது தோளைச் சேலைக்குள் ஒடுக்கியபடியே உட்கார்ந்திருந்தீர்கள். பார்த்தேன் அக்கா. அசதி என்று நினைத்தேன். எனக்கு அன்று இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. சைபர் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

உங்கள் வீடு நடுவைத் தாண்டி மேலே போனது. ஊரின் நடு வருமானமும் உயர்ந்திருப்பதாக நாங்கள் காட்டிய வரைபடக் கோட்டுக்கு அலுவலகக் கூட்டத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்த ஆண்டு வந்தபோது மாதா படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட உங்கள் படம் இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார்.

"நீ போன தபா வந்தியே, அப்பவே மார்ல கட்டி இருந்துச்சும்மா. எங்கிட்டகூட சொல்லல. ஆஸ்பத்திரியில க்யூல நிக்கவே ஒரு நாள் பூடும், லீவு போட்டா வேற ஆள வெச்சிடுவான்னு வாய மூடிக்கினு இருந்துட்டா. மெட்ராஸ் இட்டுக்கினு போனப்போ டாக்டரு, ஏன் இத்தினி நாளு வரலன்னு என்னத் திட்டறாரு."

அன்று உங்கள் வீட்டை மேலே ஏற்றியது நீங்கள் எடுக்காத லீவுகள். அதை நான் வளர்ச்சி என்று எழுதினேன்.

உங்கள் இளையவள் உள்ளேயிருந்து வந்தாள். காலேஜை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். அதே கான்ட்ராக்டர், உங்கள் இடம். "அம்மா வேல செஞ்ச ஃப்ளோர்தான்க்கா" என்றாள் சாதாரணமாக. வருமானத்தை அவளே கணக்காகச் சொன்னாள்: புது ஆள் என்று குறைந்த சம்பளம், ஓ.டி.யும் இல்லை. வரிசையில் உங்கள் வீடு வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. ஊரின் நடு எண் மட்டும் இன்னும் ஏறுகிறது.

அன்றிலிருந்து, மருத்துவச் செலவு இல்லை என்று யாராவது சொன்னால் கணக்கெடுக்கும் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறேன். "உடம்பு நல்லா இருக்கறதாலயா, லீவு கிடைக்காததாலயா?" படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. நாளுக்கு இரண்டு வீடு குறைகிறது. மேலதிகாரி ஃபோனில் கத்துகிறார். வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் எனக்கும் கூலி.

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் உங்கள் வயதுப் பெண் ஒருத்தி. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்தாள். கல் மாதிரி இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத மேடம்."

"நாளைக்கு லீவு போடுங்க."

"போட்டா வேல பூடும்."

"நானும் போடறேன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மறுநாள் விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கம்பெனி பஸ் வந்து, கதவு திறந்து, சற்று நின்று, கிளம்பிப் போனது. அதன் பின்னால் சாலையைக் கடந்து என் பக்கம் வந்தாள்.