ஐம்பத்து நாலாம் எண் சட்டை

ரஸல்,

ஆளை மோதிச் சாய்க்கும் ஃபுட்பாலுக்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் நம் மகன் கோல்பி உன் வீட்டுக்கு வந்துவிட்டான். நீ கையெழுத்துப் போட்டாய்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வந்திருந்தேன். எதிரணிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்தேன். உன் புது மனைவி அவனுடைய எண் போட்ட சட்டையில் துள்ளிக்கொண்டிருந்தாள். அது பெற்றவள் போடுகிற சட்டை.

இருவர் மோதியதில் அவன் தலைகுப்புற விழுந்தான். கூட்டமே அடங்கிவிட்டது.

“யாரு பெத்த புள்ளையோ! ஒங்களுக்குத் தெரியுமா?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“தெரியாதுங்க.”

இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், நான் சொன்னதுதான் சரி என்று அப்பனும் மகனும் பார்க்கட்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன், ரஸல்.

எழுந்தான். உன் மனைவியைத் தேடிக் கையசைத்தான்.

அடுத்த வெள்ளி உங்கள் பக்கம் உட்காருவேன். அந்தச் சட்டையைத் துவைத்து வைக்கச் சொல்.

அவனைப் பெற்றவள்