தொழில்நுட்ப உதவிக்கு நன்றி

2009 ஜூலை 14

கருங்கல் பஸ் இன்றும் தாமதம். ஆய்வகத்துக்குள் நுழைந்தால் பெரிய மேசையில் கேசரி. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். என்னோடு ஆராய்ச்சி செய்கிற ரெனிஷ் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் வழிகாட்டி நாராயணபெருமாள் சார்தான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "நம்ம கட்டுரை வந்தாச்சும்மா. எடுத்துக்கோ."

நம்ம கட்டுரை! கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். முதல் பெயர் ரெனிஷ். இரண்டாவது சார். அவ்வளவுதான், வேறு பெயர் இல்லை.

அந்தக் கரிக் குழாய்களை ஆசிட்டில் காய்ச்சியது யார்? கார்பன் நானோ குழாய் சும்மா விட்டால் தண்ணீரில் கட்டியாகத்தான் கிடக்கும். காய்ச்சி, அதன் மேற்பரப்பை மாற்றினால்தான் கலையும், மின்முனையில் ஒட்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் போனது. அந்த மின்முனையைப் பெராக்சைடில் முக்கினால் திரையில் கோடு எழும்பும் என்று முதலில் கண்டவள் நான். நைட்ரிக் ஆசிட் பட்டு மஞ்சளான விரல் என் விரல். ரெனிஷின் விரலைப் பார்த்தேன், கல்யாண மாப்பிள்ளை விரல்.

கடைசியில் நன்றியுரை. "தொழில்நுட்ப உதவிக்காக செல்வி பிரிஜாவுக்கு நன்றி." குப்பி கழுவிக் கொடுத்தவளுக்குச் சொல்வது மாதிரி.

கேசரியைத் தின்றேன். ஏன் தின்றேன்? அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 15

சாரிடம் கேட்டேன். "ரெனிஷுக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ இருக்கும்மா. உனக்கு என்ன அவசரம்? அடுத்த கட்டுரையில பாத்துக்கலாம்" என்றார். பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் சீட் கிடைக்கும் என்கிற மாதிரி.

வெளியே வந்து ரெனிஷைப் பிடித்தேன்.

"சார் சொன்னாவ. நான் என்ன செய்யதுக்கு?"

"இது எனக்க வேல இல்ல, அவளுக்க வேலன்னு சொல்லதுக்கு ஒனக்கு வாய் இல்லியாலே?"

அவன் களியக்காவிளை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

ஜூலை 19, ஞாயிறு

அம்மா கணவாய் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பூசைக்கு வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ என்னத்துக்குட்டி கரையுத? கரையண்டியது அந்த எரப்பாளி."

இந்த ஆராய்ச்சியின் விதையே அம்மா போட்டதுதான். "வெளிநாட்டுக்குப் போற கணவாய மருந்துல முக்கி வெள்ளையாக்குதானுவ மக்கா, பாத்தா பால் மாதிரி இருக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். அந்த மருந்து பெராக்சைடு. அதைக் கண்டுபிடிக்க ஒரு உணரி செய்தால் என்ன என்று நான் போய் சாரிடம் கேட்டேன். கட்டுரையின் முதல் பத்தியில் கணவாய்கூட இருக்கிறது. நான்தான் இல்லை.

இதற்குப் பழி வாங்காமல் விடமாட்டேன். எப்படி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3

ரெனிஷுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சந்தோஷம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய சந்தோஷம். சொல்ல மாட்டேன்.

2010 ஜனவரி 21

கட்டுரையைக் காட்டி சார் பெரிய திட்டம் ஒன்று வாங்கிவிட்டார். புதுக் குழாய் வந்திருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு, படு சுத்தமாம். நம் பழைய குழாய் மலிவுச் சரக்கு, டப்பா மூடிகூட உடைந்தது. புதியதை சார் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார், நகை மாதிரி.

ஒரு சிட்டிகை எனக்குக் கொடுத்தார், பக்குவம் பார்க்க. அதே ஆசிட், அதே சூடு, அதே கை. பெராக்சைடில் முக்கினேன். கோடு எழும்பவே இல்லை.

ஜனவரி 25

மறுபடி செய்தேன். படுத்த கோடு படுத்தபடியே கிடக்கிறது. என்ன பிழை விட்டேன்?

பிப்ரவரி 4

இரண்டு குழாயையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு உலையில் எரித்தேன். கரிதானே, முழுக்க எரிந்து காற்றோடு போக வேண்டும். புதுக் குழாய் போனது, கிண்ணம் வெறுமை. பழைய குழாய் வைத்த கிண்ணத்தில் சாம்பல். சிவப்புச் சாம்பல். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் உப்புக் காற்று பட்டு உதிருமே, அதே துரு.

இரும்பு! குழாயை வளர்க்கும்போது இரும்புத் துகளை விதையாகப் போடுகிறார்கள். மலிவுச் சரக்கில் அது போகாமல் உள்ளேயே ஒட்டிக்கிடக்கிறது. நான் காய்ச்சின ஆசிட்டும் அதை முழுக்க எடுக்கவில்லை. சந்தேகம் தீரப் புதுக் குழாயில் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு கலந்து மின்முனையில் பூசினேன். கோடு எழும்பியது.

ஆக, கட்டுரையில் சொன்ன மாதிரி பெராக்சைடைக் கண்டுபிடித்தது நாங்கள் ஆசிட்டில் காய்ச்சி மேற்பரப்பில் ஏற்றின வேதித் தொகுதிகள் இல்லை. இரும்பு. கட்டுரை முழுக்கத் தப்பு. என் கண்டுபிடிப்பு தப்பு —

இல்லை. என் கண்டுபிடிப்பு எப்படி ஆகும்? என் பெயர்தான் அதில் இல்லையே!

உலைக்குப் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. பக்குவம் பார்க்கக் கொடுத்த சாரும் அப்புறம் என்னாச்சு என்று கேட்கவே இல்லை.

மார்ச் 11

டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. மீன்வளத்துறைக்காரர்களும் ஐஸ் கம்பெனிக்காரர்களும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் கணவாய் கழுவின தண்ணீரை உணரியில் வைத்துக் காட்ட வேண்டும். ரெனிஷ் செய்து காட்டுவான். பழைய குழாயில் ஒத்திகை பார்த்தான், கோடு ஜம்மென்று எழும்பியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மார்ச் 24

மாதாவே, இதை நான் கேட்கவே இல்லை. தானாக வந்தது.

சார் வந்தார், உடைந்த டப்பாவைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "டெல்லிக்காரன் முன்னால இந்த அழுக்கையா வைப்பீங்க? புதுசுல பண்ணுங்கப்பா. பிரிஜா, மின்முனை நீ பண்ணிரு, உன் கைதான் நேர்த்தி."

புதுசில் கோடு எழும்பாது என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மின்முனையை என்னால் முடிந்தவரை நேர்த்தியாகச் செய்தேன். ஒரு குறை வைக்கவில்லை, சத்தியமாக.

மார்ச் 26

முதலில் ரெனிஷ் முக்கினான். கோடு இல்லை. கம்பியைச் சரிபார்த்தான், மறுபடி முக்கினான். வெறும் பெராக்சைடையே ஊற்றினான். கோடு எங்கள் ஊர் இனயம் கடல் அமாவாசைக்கு அடுத்த நாள் அடங்கிக் கிடக்கிற மாதிரி என்று எழுத ஆசை. அப்படிக் கடல் கிடந்ததே இல்லை. படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். ரெனிஷின் சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லை.

டெல்லிக்காரர் ஏதோ கேட்டார். சார் திரும்பி என்னைத் தேடினார்.

"இந்த மின்முனை வேலை முழுக்கப் பிரிஜாவோடதுதான். ஆரம்பத்துல இருந்தே அவங்கதான் பண்ணுறாங்க. அவங்களே விளக்குவாங்க."

எட்டு மாசம் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் செத்தேன். எப்போ சொல்லுதாரு பாரு மனுஷன்!

எழுந்து நின்றேன். "கட்டுரையில என் பேரு இல்லியே சார்" என்றேன்.

டெல்லிக்காரர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார், முதல் பக்கம், கடைசிப் பக்கம். சாரின் காது சிவந்துவிட்டது. நான் உட்கார்ந்துகொண்டேன்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் பழம்பொரி வாங்கித் தின்றேன். இதைத் தின்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏப்ரல் 19

சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மெதுவாகத்தான் பேசினார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டுமாம். அதுதான் பெராக்சைடு உணரி. அது இல்லையென்றால் மீதி வெறும் ஆசிட் காய்ச்சின கதை.

"ஏன் சார்?"

"நீதானேம்மா அத்தனை பேரு முன்னால சொன்ன, அதுல உன் பேரு இல்லேன்னு. உன்னுது இல்லாத வேலையை உன் ஆய்வேட்டுல நான் எப்படி விடுறது?"

படுபாவி. படுபாவி. நான் சொன்னத எடுத்து எனக்க தலையிலயே போட்டுட்டான். நானும் ஒரு மட்டி. ஒரு வாக்கியத்துக்கு ஆசப்பட்டு மூணு வருசத்த வாரிக் கொடுத்துட்டு, பழம்பொரி தின்னுட்டு வந்திருக்கேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்ல?

ஏப்ரல் 20

சொல்லவில்லை.

ஜூன் 8

வேறொரு கல்லூரியில் டைட்டஸ் சார் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்துவிட்டார். இரும்பைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல்லேருந்து செய்யணும். முடியுமா?" முடியும் என்றேன். ஆனால் பழைய குழாய் வேண்டும். பழைய லேப்பில் என்னை வாசல் ஏற விடமாட்டார்கள்.

ஜூன் 17

ரெனிஷ் வந்தான், இனயம் வரைக்கும். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே மூடி உடைந்த டப்பா.

"சார் தூரப் போடச் சொன்னாவ. போட மனசு வரல்ல."

அம்மா அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை. நான் இரும்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு ஒனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிட்டுதான் சும்மா இருந்தியா?"

"ஆமா."

"நானும் அப்படித்தானே இருந்தேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. போய்க் காப்பி போட்டேன்.

2011 நவம்பர் 2

வெளிநாட்டில் யாரோ வேறு குழாயில் இந்த இரும்பு விஷயத்தையே முன்பே சொல்லியிருக்கிறார்கள். நாராயணபெருமாள் சாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. போகட்டும், எங்கள் குழாயின் கதையை நான் சொல்லிவிட்டேன். கட்டுரையை அனுப்பியாயிற்று. பெயர்கள்: பிரிஜா, ரெனிஷ், டைட்டஸ். ரெனிஷ் தன் பெயர் வேண்டாம் என்றான். என்னோடு வந்து மறுபடி அளந்தது நீ, அதனால் பெயர் வரும் என்றேன்.

கடைசியில் நன்றியுரையை நான்தான் எழுதினேன். "தொழில்நுட்ப உதவிக்காக முனைவர் டி. நாராயணபெருமாளுக்கு நன்றி." அதே வாக்கியம், அட்சரம் பிசகாமல். டைட்டஸ் சார் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் சார்" என்றேன். நெஞ்சு குளிர்ந்து கிடக்கிறது. அவர் அதைப் படிக்கிற முகத்தை நான் பார்க்க முடியாதே என்பதுதான் குறை.

2012 மார்ச் 9

கட்டுரை இணையத்தில் வந்த மூன்றாம் நாளே சாரிடமிருந்து மெயில். திறப்பதற்கு முன் தண்ணீர் குடித்தேன்.

"அன்புள்ள பிரிஜா, கட்டுரை கண்டேன், மிக்க மகிழ்ச்சி. நம் பழைய கட்டுரையை ஏழு இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறாய், நன்றி. என்னை மறக்காமல் நன்றியுரையில் சேர்த்ததற்கும் நன்றி. இனிஷியல் மட்டும் தவறு. டி இல்லை, எஸ். அச்சுக்குப் போகும் முன் திருத்த முடியுமா?"

மறுபடி படித்தேன். எங்காவது குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மனுஷருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கணவாய் அரிந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அன்னைக்கு எழுதினது அவனுக்கு ஓர்மயே இல்லியாட்டி?"

"இல்லம்மா."

"ஒனக்கு?"

ஒவ்வொரு எழுத்தும் நினைவில் இருக்கிறது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கணவாயை அரிந்து கொடுத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து இனிஷியலைத் திருத்தி அனுப்பினேன்.