மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்

அப்புத்தளை
08.08.2025

மதிப்புக்குரிய தனேஸ்வரன் சேருக்கு,

உங்களுக்கு எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழு வருடமாக ஒரு வார்த்தை விசாரிக்காதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் டிலானி. 2018இல் உங்கள் றொக் இசை முகாமில் ட்ரம்ஸ் வாசித்த நிலுக்ஷியின் அக்கா. போனில் பேச எனக்கு வாய் வராது. விலாசத்தை நிலுக்ஷியோடு வாசித்த லதுஷாவிடம் வாங்கினேன். நீங்கள் அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டையை அவள் இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

அம்மா சுகம். புது வீட்டுத் திட்டத்தில் இருக்கிறோம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை அவர் நிறுத்தவில்லை. நான் பேராதனையில் படித்து முடித்துவிட்டேன். தோட்டத்தில் முதல் பட்டதாரி என்று கோயிலில் மாலை போட்டார்கள். அதைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் பூசை முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

இந்த ஓகஸ்ட் லீவில் கோயில் ஃபாதர் முகாமை மறுபடி தொடங்கியிருக்கிறார். அதே கோயில் மண்டபம். இருபத்திரண்டு பிள்ளைகள், மூன்று குழுக்கள். பெயர் பதிவதும், தேநீர் கொடுப்பதும், பிள்ளைகளை ஏற்றியிறக்க வான் ஒழுங்கு செய்வதும் என் பொறுப்பு. பதுளையிலிருந்து ரஜீவன் சேர் வந்து பழக்குகிறார். கடைசி நாள் நிகழ்ச்சியில் எல்லாருமாக உங்கள் முகாமில் பிறந்த, லயத்துக் கூரையைப் பற்றிய தகரப் பாட்டை வாசிக்கப்போகிறார்கள்.

எழுத வந்த விஷயம் இதுதான். றுஷ்தா என்று வெலிமடையிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். பதின்மூன்று வயது. பாட்டுத் தொடங்க முதல் குச்சிகளைத் தட்டி எண்ணுகிறாள். ஒன்னு, ரெண்டு, மூணு. அந்த இடத்தில் ஒரு மூச்சு நிற்கிறாள். பிறகுதான் நாலு. முதல் நாள் நான் பின் அறையில் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் கையைச் சுட்டுக்கொண்டேன். தங்கச்சி எண்ணுவது அப்படித்தான். றுஷ்தா அவளைக் கண்டதே இல்லை.

லதுஷாவின் பழைய போனில் இருந்த ஒலிப்பதிவு பிள்ளைகளிடையே கைமாறியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டுத்தான் எல்லாரும் பழகியிருக்கிறார்கள். இப்போது மூன்று குழுவிலும் ட்ரம்ஸ் வாசிப்பவர்கள் மூன்றில் நிற்கிறார்கள். ரஜீவன் சேருக்குக் கோபம். "இது பாட்டா, ஸ்பீட் பிரேக்கரா?" என்கிறார். நிகழ்ச்சிக்கு முதல் திருத்தியே ஆக வேண்டுமாம். "மிஸ், பழைய சேர் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த இடைவெளி பாட்டில் உள்ளதா, பிழையா? நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

பணிவுடன்,
யே. டிலானி


கோப்பாய்
11.08.2025

அன்புள்ள டிலானிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பட்டம் பெற்றது மிகுந்த சந்தோசம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அது பிழை. ரஜீவன் சொல்வது சரி. நாலு அடியும் ஒரே அளவில் விழ வேண்டும். மெட்ரோனோமை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பழக்கினால் போய்விடும். அந்த ஒலிப்பதிவை இனிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நான் இங்கே கணிதம் மட்டும் படிப்பிக்கிறேன். கிட்டாரை விற்றுவிட்டேன். ஆகவே இது பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்படிக்கு,
செ. தனேஸ்வரன்


அப்புத்தளை
17.08.2025

மதிப்புக்குரிய சேருக்கு,

உங்கள் பதிலை ரஜீவன் சேரிடம் காட்டினேன். சந்தோசப்பட்டார். மூன்று நாள் மெட்ரோனோமைப் போனில் போட்டுப் பழக்கினார். அது ஓடும்வரை பிள்ளைகள் சரியாக எண்ணுகிறார்கள். நிறுத்தியதும் மறுபடி மூன்றில் நிற்கிறார்கள். நேற்று றுஷ்தா அழுதுவிட்டாள். தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"மிஸ், அந்த எடத்துல யாரோ மூச்சு எடுக்கிறாங்க. போன்ல நல்லாக் கேட்டா கேக்கும். அவங்க எடுத்து முடியுமுன்னே நாலுன்னு சொல்ல எனக்கு ஏலாது."

"யார்னு தெரியுமா?"

"தெரியாது மிஸ். ஒரு அக்கா."

அவளிடம் பெயரைச் சொல்லவில்லை. மண்டபத்தின் பக்கக் கதவைத் திறந்தால் பனி விலகும் நேரத்தில் எதிர்மலை தெரியும். எங்கள் லயத்து வீடு இருந்த சரிவில் இப்போது மானாப்புல் ஆள் உயரம் நிற்கிறது. அந்தக் கதவை நான் திறப்பதில்லை. பிள்ளைகள்தான் காற்றுக்காகத் திறக்கிறார்கள். அங்கிருந்து காற்று வரும்போது உள்ளே மூன்றாவது அடி விழுந்து எல்லாரும் நிற்கிறார்கள்.

சேர், நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. அதை எழுதாமல் பாட்டைப் பற்றி எழுதினேன்.

அந்த டிசம்பரில் நத்தார் நிகழ்ச்சி முடிந்த மாலை நல்ல மழை. மீரியபெத்தையில் மலை சரிந்து ஆட்கள் புதைந்த பிறகு மழையென்றால் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை, மண்டபத்திலேயே தங்கட்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் பேராதனையிலிருந்து உங்களுக்குப் போன் பண்ணினேன். "காலையில நான் வர்றேன் சேர், தங்கச்சிய வீட்டுக்கு அனுப்பிவிடுங்க" என்றேன். நீங்கள் வானில் ஏற்றி அனுப்பினீர்கள். காலையில் அம்மா வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போன பிறகு மலை சரிந்து இறங்கியது. அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தோண்டி எடுக்கவும் முடியவில்லை.

நான் அன்று காலை வரவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிவிட்டு மறுநாள் ரயிலில் போகலாம் என்று தங்கிவிட்டேன்.

பிறகு அதே மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். "யாரு சொல்லி அனுப்புனீங்க?" என்று உங்களைச் சுற்றி நின்று கேட்டார்கள். "நானாகத்தான் அனுப்பினேன்" என்றீர்கள். வாசலில் அம்மாவோடு நின்ற என்னை ஒரே ஒரு தரம் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். தை மாதம் நீங்கள் ஊரைவிட்டே போய்விட்டீர்கள். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டிலானி


கோப்பாய்
20.08.2025

அன்புள்ள டிலானி,

முதல் கடிதத்தில் உமக்குப் பொய் எழுதினேன். அதைத் திருத்தத்தான் இது.

நீர் நினைப்பதுபோல நான் பெரிய மனம் உள்ளவன் இல்லை. நீர் கேட்டீர், நான் "ஓம்" என்றேன். யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டுதான் "ஓம்" என்றேன். வான் கதவைச் சாத்தியது என் கை. கூட்டத்தில் நான் சொன்னதில் பொய் இல்லை. உமக்கு அப்போது இருபது வயது. உமது அம்மாவுக்கு மிஞ்சி நின்றது நீர் ஒராள்தான். அந்த ஒராளையும் அவர் வேறுவிதமாகப் பார்க்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இனி அந்த இடைவெளி. லதுஷா பேஸ் கிட்டார் வாசித்தவள் என்று உமக்குத் தெரியும். அவளுக்குப் பயத்தில் உள்ளங்கை வியர்க்கும். ஒவ்வொரு முறையும் பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவாள். உமது தங்கச்சி எண்ணிக்கொண்டே அவளைப் பார்ப்பாள். மூன்றில் நிற்பாள். லதுஷாவின் விரல் கம்பிக்கு வந்ததும் நாலு. நான் இருபது தரம் ஏசியிருப்பேன். "பிள்ளை, எண்ணத் தெரியாதோ? மூண்டுக்குப் பிறகு என்னத்துக்கு நிக்கிறாய்?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்லுவாள்:

"சேர், ஒராளு இன்னும் வரலைங்க."

இதை இத்தனை வருடம் யாருக்கும் சொல்லவில்லை. வகுப்பில் கரும்பலகையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது நானும் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். "சேர், நாலு" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ரஜீவனிடம் சொல்லும், அது பிழையில்லை, பாட்டு அப்படித்தான் என்று. றுஷ்தாவை அழவைக்க வேண்டாம்.

இன்னொன்று. அன்று மாலை வானுக்கு ஓடும் அவசரத்தில் நிலுக்ஷி தன் குச்சிகளை ட்ரம்ஸ் ஆசனத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாளைக்குக் கொடுப்போம் என்று எடுத்து என் பைக்குள் வைத்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வலக்கைக் குச்சியில் அவள் கடித்த தடம் உண்டு. அம்மாவிடம் எப்போதோ கொடுத்திருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக முதல் அவர் தங்கியிருந்த இடத்து வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமைக்குப் பிறகு பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லி இனி யாருக்கு என்ன?

அன்புடன்,
தனேஸ்வரன்


அப்புத்தளை
25.08.2025

அன்புள்ள சேருக்கு,

இந்தக் கடிதம் உங்கள் பார்சலுக்கு முந்திக் கிடைக்க வேண்டும் என்று லதுஷாவின் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் இன்றைக்கு யாழ்ப்பாணம் வருகிறார்.

நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். நேற்றுக் கோயிலுக்குப் போய்வந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான்தான் போன் பண்ணினேன், நான்தான் வரவில்லை என்று. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு வான்லேர்ந்து எறங்குனதுமே சொன்னாளே. 'அக்கா காலையில வருதாம், தேங்கா ரொட்டி சுடும்மா'ன்னா. பெரட்டுக்குப் போறப்போ மாவப் பெசஞ்சு மூடி வச்சிட்டுத்தான் போனேன்."

"ஏம்மா இவ்வளவு நாளும் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

பிறகு கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தார். தண்டையும் இலையையும் ஒன்றாகவே சட்டிக்குள் போட்டார். "அந்தச் சேரத்தான் பாவம், ஆளாளுக்கு ஏசுனாங்க. நானும் வாய மூடிக்கிட்டுத்தானே நின்னேன்" என்றார்.

ஆக, சேர், அந்த வாசலில் நின்று தரையைப் பார்த்தது நான் மட்டும் இல்லை.

நிலுக்ஷி சொன்னதாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அவள் லதுஷாவைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பிறகு முகாமுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. றுஷ்தா மூன்று என்றால் எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள் போல இருந்தது. போனேன். யாரும் பார்க்கவில்லை. பக்கக் கதவு திறந்திருந்தது. நான் போய் அதன் பக்கத்தில் நின்றேன்.

ரஜீவன் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதை அவர் கண்டதில்லை. மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, "அப்ப சரி மிஸ், நிக்கட்டும். எவ்வளவு நேரம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். றுஷ்தாவிடம் கேட்கச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் தொடங்குவதால் நிகழ்ச்சியை செப்டெம்பர் ஆறாம் திகதி, சனிக்கிழமை, பின்நேரம் மூன்று மணிக்கு வைத்திருக்கிறோம். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் மண்டபத்துக்குள் வந்ததே இல்லை. பாட்டுக்கு முதல் ஃபாதர் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். அன்று உங்களை ஏசிய ஆட்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். யார் போன் பண்ணியது என்று நான் அவர்களுக்குச் சொல்லப்போகிறேன். வாய் வருமா தெரியாது. நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நிலுக்ஷியுடையது என்று ஒன்றுமில்லை. எல்லாம் மண்ணுக்குள். ஒரு சீப்புக்கூட இல்லை. குச்சிகளைப் பற்றிச் சொன்னதும் அம்மா இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டார், இப்போதே வாங்கப்போகிறவர் போல.

வெலிமடைக்கு வந்துவிட்டால் போதும், றுஷ்தாவின் வாப்பா கூட்டிவருவார். மரக்கறி ஏற்றுகிற வான், லீக்ஸ் வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். குச்சிகளைத் தபாலில் போடாதீர்கள், சேர். நீங்களே கொண்டுவாருங்கள்.

டிலானி