மடை திறந்த செய்தியும் மானைக் கட்டிய கயிறும்

மழை பிழையாது பெய்க, வயல் விளைக, ஆம்பல் நாட்டுக் குடிகள் அச்சமின்றி உறங்கி எழுக.

முத்துக்குடை நிழலில் வீற்றிருப்பவரும், மூன்று ஆற்றுக்கும் உரியவரும், குறை சொல்ல வந்தவரை வாயிலில் நிறுத்தி வைக்காதவருமான அரசி எழினி நங்கையாரின் திருமுன்புக்கு, ஏரியும் பொழிலும் காக்கும் அதிகாரியாகிய வெண்ணாவலூர் ஆதன் சாத்தன் வணங்கி எழுதும் ஓலை. கோட்டை நலமா, பட்டத்து யானையின் கால்புண் ஆறியதா என்றெல்லாம் கேட்பது முறை, கேட்டதாகக் கொண்டருள்க. எழுபது வயதில் எழுத்தாணி பிடித்தால் விரல் வலிக்கிறது. ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் பங்குனி நிறைமதியில் பொழில் காண அரசியார் எழுந்தருள வேண்டாம்.

இதே செய்தியை முன்பு நான்கு முறை எழுதி நான்கையும் அடுப்பில் இட்டேன். இது ஐந்தாவது.

தங்கள் தந்தையார் துறைமுகச் சுங்கத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஆம்பல் ஏரிக்கும் அதைச் சூழ்ந்த மருதம்பொழிலுக்கும் என்றென்றைக்குமாக எழுதிவைத்தார். கரை பலமாக இருக்கவும், மரம் வெட்டுப்படாதிருக்கவும், உழைத்துக் களைத்த குடிகள் நீராடவும், ஊஞ்சல் ஆடவும், மற்போர் பழகவும், சும்மா படுத்துக் கிடக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கட்டளை. சும்மா படுத்துக் கிடக்க என்று அரச ஓலையில் எழுதலாமா என அடியேன் தயங்கியபோது, அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

தாங்கள் முடிசூடிய ஆண்டு முதல் பங்குனிதோறும் பொழில் காண வருகிறீர்கள். முதலாண்டு பாதையில் வெண்மணல் பரப்பினேன். இரண்டாமாண்டு பந்தல் போட்டேன். மூன்றாமாண்டு மழை பொய்த்து மான்கள் மலையேறிப் போய்விட்டன. மான்கள் எங்கே என்று தாங்கள் கேட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தில், இடையன் காரி வளர்த்த புள்ளிமான் ஒன்றைக் கொண்டுவந்து புதருக்குப் பின்னே கயிற்றால் கட்டி நிறுத்தினேன். தாங்கள் அதைக் கண்டு கைகொட்டி மகிழ்ந்தீர்கள். அந்த மகிழ்ச்சிதான் என்னைக் கெடுத்தது. பத்து ஆண்டுகளாகத் தாங்கள் பார்ப்பது அதே மான். அதன் இடக்காது கிழிந்திருப்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். கவனித்தும் பெருந்தன்மையாக இருந்திருக்கலாம்.

இன்னும் உண்டு. ஏரி நிறைந்து தெரிவதற்காகத் தாங்கள் வரும் முன் நாற்பது நாள் மடையை அடைத்து ஓடைநீரைத் தேக்குவேன். பாதை அழுக்காகாதிருக்க அந்த நாற்பது நாளும் குடிகளை உள்ளே விடுவதில்லை. ஊஞ்சல்களையும் அவிழ்த்து வைத்துவிடுவோம். வரக் கூடாது என்று கேட்டுக் கேட்டு அலுத்த குடிகள் மற்ற நாளிலும் வருவதை விட்டார்கள். ஆள் நடமாட்டம் நின்றதும் மரம் திருடுவோர் புகுந்தார்கள். உட்புறத்தில் இருநூறு மருதமரங்கள் இப்போது இல்லை. தாங்கள் நடக்கும் பாதையோரத்து மரங்கள் மட்டும் இருக்கின்றன.

எல்லாம் செழிப்பாக இருப்பதைக் கண்ட அமைச்சர்கள், பொழிலுக்கு இத்தனை பொருள் எதற்கு என்று பாதியை யானைக்கொட்டிலுக்கு மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் காட்டியதைத்தானே பார்த்தார்கள். மீதிப் பாதி தாங்கள் வரும் ஒரு நாளின் பந்தலுக்கும் மணலுக்கும் சரியாகிவிடுகிறது. கரைக்கும் காவலர்க்கும் எதுவும் மிஞ்சுவதில்லை.

வழக்கம்போல் இவ்வாண்டும் மடையை அடைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். மடைக்காவல் செய்யும் எயினி என்பவள் மறுத்துவிட்டு, நேரே என் வாயிலுக்கு வந்து நின்றாள். அவள் சொன்னதை ஓலைக்குரிய மொழியில் மாற்ற எனக்குத் தெம்பில்லை. அவள் வாய்ச்சொல்லையே எழுதுகிறேன். "ஐயா, மடைப்பலகை உளுத்துப் போச்சு. வைக்கோலும் களிமண்ணும் அப்பித்தான் நிக்குது. தண்ணிய ஏத்துனா பிச்சுக்கிட்டுப் போயிரும். கரைக்குக் கீழ எங்க வீடு முப்பது இருக்கு. எம்புள்ளைங்க அங்கதான் படுத்துக்கிடக்கு. மகாராணி பாக்க ஏரி நிறையணும்னா, நீங்களும் வந்து எங்ககூடப் படுங்க."

போய்ப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன், விரல் பலகைக்குள் போனது. வெட்கமாக இருந்தது, அரசியாரே. இத்தனை ஆண்டும் அந்த மடைக்குத் தோரணம் கட்டினேனே ஒழிய, கிட்டே போய்த் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆகவே தங்கள் ஆணைக்குக் காத்திராமல் மடையைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டேன். ஏரி வடிகிறது, சேறு தெரிகிறது, பார்க்க அழகாக இல்லை. இவ்வாண்டுக்கென்று கொண்டுவந்து கட்டியிருந்த மானையும் அவிழ்த்துவிடச் சொன்னேன். அது நாலடி நடந்தது. பிறகு திரும்பி வந்து பழைய புதருக்குப் பின்னே நின்றுகொண்டது. காரி எவ்வளவு விரட்டியும் போகவில்லை.

விழாவுக்கென ஒதுக்கிய பொருள் மடைக்கும் கரைக்கும் காவலர்க்கும் போகவும், யானைக்கொட்டிலுக்குப் போன பாதி திரும்பவும் அரசியார் முத்திரையிட்டு அருள வேண்டும். பெருமழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் புதுப்பலகை போட்டுவிடலாம். மழை வந்த பின்னும் கரைக்குக் கீழுள்ள அந்த முப்பது வீட்டார் அச்சமின்றி உறங்க வேண்டுமல்லவா? என் அதிகாரத்துக்கு உட்பட்டோர்க்கு நான் இட்ட கட்டளை இது: பொழில் வாயில் இன்று முதல் அடைபடக் கூடாது, ஊஞ்சல்கள் மீண்டும் கட்டப்பட வேண்டும், எயினியின் சொல் இன்றி மடைப்பலகையை எவரும், என் பெயரைச் சொல்லி வருவோரும்கூட, தொடக் கூடாது. தாங்கள் பின்னொரு நாள் வர விரும்பினால் குடையும் முரசும் இன்றி, எனக்கும் சொல்லாமல் வந்தருள்க.

அரசியாரின் கொடி தாழாதிருப்பதாக. ஆம்பல் ஏரியின் கரை உடையாதிருப்பதாக. இது ஆதன் சாத்தன் தன் கையால் எழுதி, அரக்கு வைத்து, பொழில் முத்திரை பதித்த ஓலை.

முத்திரை பதித்த மோதிரத்தைக் கழற்றி இதனோடு கட்டியிருக்கிறேன். மானைக் கட்டிய கயிறும் இதனோடு வருகிறது. மோதிரத்தைத் தகுதியுள்ள வேறு எவருக்கேனும் தந்தருள்க. கயிற்றை மட்டும் இங்கே திருப்பி அனுப்ப வேண்டாம்.