பத்துக்கு மூன்று

அண்ணனுக்கு,

பூங்கொத்து வந்தது. முழங்கால் வலியை உன்னிடம் நான் சொல்லவே இல்லை என்று விசாரணைக் குழுவுக்கு எழுதித்தர நீ அனுப்பிய மாதிரிக் கடிதமும் அதற்குள்ளேயே இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, பாராட்டுகள்.

உயரம் தாண்டும் பயிற்சிக்காக நான் தினமும் எடை தூக்குமுன், "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது உன் வழக்கம். அன்று ஏழு என்றேன். "ஏழா? நடந்துதானே வந்த, பாப்பா!" என்று சிரித்துவிட்டு, மூன்று என்று எழுதினாய். கம்பியில் இருபது கிலோ கூட்டினாய். பாரத்தோடு குந்தி எழுந்தபோது முழங்கால் ஜவ்வு கிழிந்த சத்தம் உனக்கும் கேட்டது.

இனி நான் உயரம் தாண்ட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடந்ததைக் குழுவிடம் நானும் சொல்லிவிட்டேன். உன் பயிற்சியாளர் உரிமம் போகும்போது எவ்வளவு வலிக்கிறது என்று எழுது. நான் மூன்று என்று குறித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை