கொக்கிக்கு மேலே ஒரு பாட்டில் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

இவருக்கு ஆபீஸ் குலுக்கலில் பரிசு விழுந்ததாம். கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெறுங்காலோடு ஏறி நின்றால் எடை மட்டுமில்லை, உடம்பில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்றும் காட்டுகிறது. இவருக்கு ஐம்பத்தாறு. மகளுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு நாற்பத்திமூன்று.

"அம்மா ஜஸ்ட் பாஸ்!" என்று குதித்தாள் மகள். வாய்க்கொழுப்பு. யாரிடமிருந்து வந்ததென்று கேட்டால் இவர் என் பக்கம் கையைக் காட்டுவார்.

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. காலையில் கட்டிட வேலையிடத்தில் நான் ஓட்டும் கிரேனில் ஏறுமுன் அரை டம்ளர் காபி. பிறகு மாலை இறங்கிய பின்தான் தண்ணீர். அவ்வளவு உயரத்துக் கேபினில் கழிப்பறைக்கு எங்கே போவது? நடுவில் இறங்கி ஏறினால் கீழே கான்கிரீட் காத்துக்கிடக்கும், அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கேபினில் ஒரு பாட்டில் தொங்குகிறது, பேருக்கு.

மார்ச் 4

தலைவலி. வெயில்தான், வேறென்ன.

மார்ச் 6

விட்டதைப் பிடிக்கலாம் என்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு ஜாடித் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு மெஷினில் ஏறினேன். அதே நாற்பத்திமூன்று! குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறினால் நாற்பத்தாறு. துடைத்துவிட்டு ஏறினால் நாற்பத்திரண்டு. இது மெஷினா, வானிலை அறிக்கையா?

"குடிச்ச தண்ணியெல்லாம் எங்கதான் போகுது?" என்றேன்.

"உன் கோபத்துல ஆவியாயிடுது" என்றார் இவர்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்று சிக்னல் கொடுக்கிற தம்பி வாக்கிடாக்கியில் "இடது பக்கம்" என்றான். காதில் நன்றாகவே விழுந்தது. கை வலது பக்கம் தள்ளியது. "நிறுத்துங்க! நிறுத்துங்கக்கா!" என்று அவன் கத்திய கத்தலில்தான் சுயநினைவு வந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. இருந்திருந்தால்? ஐயோ.

"தூங்கிட்டீங்களாக்கா?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. "வாக்கிடாக்கி சரியில்ல" என்று எப்படியோ சொன்னேன்.

"அது நல்லாத்தான் இருக்குக்கா. நீங்க நல்லா இருக்கீங்களா?"

எரிச்சலாக இருந்தது. அவன் கேட்டது சரி என்பதால் வந்த எரிச்சல்.

மார்ச் 10

லீவு போட்டு டாக்டரம்மாவிடம் போனேன். நான் கேட்ட முதல் கேள்வியே அந்த நாற்பத்திமூன்றைப் பற்றித்தான். மீதி ஐம்பத்தேழையும் எப்படி நிரப்புவது?

அந்த அம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "நூத்துக்கு நூறு தண்ணின்னா நீங்க ஆள் இல்லம்மா, குளம். பெண்களுக்குப் பாதிக்கு முன்னப்பின்னதான் இருக்கும். கொழுப்புல தண்ணி கம்மி, தசையில ஜாஸ்தி. அதனால ஆளுக்கு ஆள் மாறும். அந்த மெஷின் காலுல துளி கரண்டை விட்டுக் குத்துமதிப்பா சொல்லுது, அதை வெச்சு தாகத்தை அளக்காதீங்க. சிறுநீர் என்ன நிறம்?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டுமாம். நாள் முழுக்க உலரவிட்டு மாலையில் ஜாடியைக் கவிழ்ப்பது தப்பாம். கொஞ்சம் கொஞ்சமாக, வெயில் நாளில் கூடுதலாக. "தலைவலி, தடுமாற்றம் எல்லாம் இதனாலதான். மேல உக்காந்துக்கிட்டு விளையாடாதீங்க."

குடிக்கலாம். குடித்தால் இறங்க வேண்டுமே?

மார்ச் 11

வேலைக்குச் சேர்ந்த அன்றே எஞ்சினியர் கேட்டார்: "ஏறினா சாயங்காலம்தான் இறங்கணும். முடியுமாம்மா?" முடியும் என்று மார்தட்டினேன். இப்போது முடியாது என்றால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அங்கிருந்து ஒரு கட்டிடம் தரையிலிருந்து எழுவதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எதில் இருக்கிறது?

ஆனால் அந்தக் கம்பிக் கட்டு...

"நீ எஞ்சினியர்கிட்ட சொல்லு. என்ன ஆனாலும் பாத்துக்கலாம்" என்றார் இவர். கிண்டல் இல்லாமல் சொன்னார். அழுதுவிட்டேன்.

மார்ச் 12

எஞ்சினியரிடம் சொல்லிவிட்டேன், நடுவில் இறங்கி ஏற வேண்டும் என்று. திங்கட்கிழமை தவறு என்னுடையது என்பதையும் சேர்த்து.

எஞ்சினியர் பேனாவை மூடினார், திறந்தார். "அப்ப ரெண்டாவது கிரேன்காரர் எப்படிச் சமாளிக்கிறார்?"

"அவரையே கேளுங்க சார்."

கூப்பிட்டுக் கேட்டார். போன வருஷம் சிறுநீரகத்தில் கல் எடுத்தேன் என்றார் அந்த மனுஷர், தலையைச் சொறிந்துகொண்டே, பல் பிடுங்கியதைச் சொல்வது போல. எனக்கே தெரியாது. இருவரும் ஒரே நோயைத் தனித்தனியாக வளர்த்திருக்கிறோம்!

எஞ்சினியர் அன்றாட வேலைப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். கடைசியில், "நாளையிலிருந்து காலையில ஒருதடவை, மத்தியானத்துக்கு அப்புறம் ஒருதடவை ரெண்டு கிரேனும் நிக்கும். சாப்பாட்டு நேரம் தனி. கான்கிரீட் வண்டியை அதுக்கேத்த மாதிரி வரச் சொல்றேன்" என்றார்.

நாற்காலி என்னுடையதுதான். அப்பாடா!

மார்ச் 13

நடுவேளையில் இறங்கினேன். கூசிக்கொண்டே வந்தால், செங்கல் அடுக்குகிற அம்மா, "வா மகராசி! உன் புண்ணியத்துல நாங்களும் கொஞ்சம் உக்காந்தோம்" என்றாள்.

மார்ச் 20

தலைவலி இல்லை. வெளிர் மஞ்சள். இதையெல்லாம் டைரியில் எழுதுகிற காலம் வந்துவிட்டது.

மார்ச் 27

சிக்னல் தம்பி புதிதாக ஒரு கை ஜாடை கண்டுபிடித்திருக்கிறான். தூக்கு, இறக்கு, நிறுத்து என்று இருப்பவற்றோடு, கட்டைவிரலை வாய்க்கு நேரே கவிழ்ப்பது. குடியுங்கள் என்று அர்த்தம். தூரத்தில் இருந்து பார்த்த எஞ்சினியர், வேலை நேரத்தில் யார் யாரை மதுக்கடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரணைக்கே வந்துவிட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

காற்றே இல்லை. மெஷின் இன்றும் நாற்பத்திமூன்றுதான் காட்டியது, காட்டட்டும்.

காலையில் பாதி பாட்டில் காலி. சிக்னல் தம்பி வழக்கம்போல் கட்டைவிரலைக் கவிழ்த்தான், குடித்தேன். அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். நிழல் இல்லாத இடம், அண்ணாந்த முகம், இரண்டு கையிலும் வேலை. பக்கத்தில் பாட்டில் எதுவும் இல்லை. எனக்காவது கூரை உண்டு.

"தம்பி, நீ எப்ப குடிச்ச?"

"அடுத்த லோடு ஏறட்டும்க்கா" என்றான்.

கொக்கியில் இன்னும் எதுவும் மாட்டவில்லை, வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அதை நடுவானிலேயே நிறுத்தினேன்.

"நீ குடிச்சாத்தான் கொக்கி எறங்கும்."

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்."

செங்கல் அம்மா ஒரு சொம்போடு ஓடினாள். அவன் அண்ணாந்து, என்னையே பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

கொக்கியை இறக்கினேன்.